அரசு மருத்துவமனையின் குறைபாடு குறித்துப் புகார் அளிக்கும் முறை

அரசு மருத்துவமனையில் நேர்ந்த குறைபாட்டைப் பற்றிப் புகார் அளிக்க நினைப்பவர், நினைவு மங்கும் முன்பே, நடந்தவற்றை நாள், நேரம், வார்டு, பணியில் இருந்தவரின் பொறுப்பு ஆகியவற்றுடன் வரிசையாக எழுதி வைக்க வேண்டும். "சரியாகக் கவனிக்கவில்லை" என்ற வரியை எவரும் எளிதில் மறுத்துவிடலாம்; ஆனால் "இரவு 11 மணிக்கு மூச்சுத்திணறலைச் செவிலியரிடம் தெரிவித்தோம், மருத்துவர் 2.30 மணிக்குத்தான் வந்தார்" என்று எழுதினால், பணிப் பதிவேட்டையும் கேஸ் ஷீட்டையும் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடு) பார்க்காமல் பதில் சொல்வது கடினம். ஆகவே மருத்துவ ஆவணங்களின் நகல்களை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். கையில் உள்ள அசல்களை ஒப்படைத்துவிடாதீர்கள்.

நோயாளி இன்னும் வார்டில் இருந்து, ஆபத்தும் நீடித்தால், கடிதத்துக்குக் காத்திராமல் பணியிலுள்ள மூத்த மருத்துவரை உடனே அணுக வேண்டும்.

மனுவை மருத்துவமனையின் கண்காணிப்பாளருக்கு எழுதி, தேவைப்படுவது விளக்கமா, மன்னிப்பா, மறுசிகிச்சையா, இழப்பீடா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். ஆள் பற்றாக்குறையால் நேர்ந்த தாமதத்துக்கு, தனியாகப் பல நோயாளிகளைப் பார்த்த செவிலியர்மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமன்று. அந்தப் பற்றாக்குறையையே புகாராக எழுதுங்கள். பதில் வராவிட்டால், ஒப்புகை நகலை இணைத்துச் சுகாதாரத் துறையின் மேல் அதிகாரிக்கு அனுப்பலாம். மருத்துவர் ஒருவரின் தொழில் ஒழுங்கு பற்றிய புகார் மட்டுமே, மருத்துவர்களைப் பதிவுசெய்து அவர்களின் தொழில் நடத்தையைக் கண்காணிக்கும் மருத்துவ கவுன்சிலுக்கு உரியது.