எறும்புக் கூட்டைப் பிடித்தால் மரங்கொத்தியைப் பார்க்கலாம்

செம்பழுப்பு மரங்கொத்தியைத் தேடிப் போகிறவர்கள் பட்ட மரங்களை அண்ணாந்து பார்த்தே காலைப் பொழுதைக் கழித்துவிடுகிறார்கள். இந்தப் பறவைக்குப் பட்ட மரத்தைவிட எறும்புதான் முக்கியம். ஆகவே முதலில் எறும்புக் கூட்டைத் தேடுங்கள்.

கிளையைச் சுற்றி அப்பியது போல, கால்பந்து அளவில், காய்ந்த காகிதக்கூழ் மாதிரி கரும்பழுப்பாக ஓர் உருண்டை இருக்கும். அதுதான் நமக்கு வேண்டிய கூடு. இலைகளைச் சேர்த்துப் பின்னிய கூடு முசுறு என்னும் செந்நிற எறும்புடையது. அதன் அடியில் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் அடிமரத்தில் ஊரும் எறும்பைக் கவனியுங்கள். சீண்டினால் வயிற்றைத் தூக்கி முதுகுக்கு மேல் வளைக்கிறதா? சரியான மரம்தான்.

முதுமலை, ஆனைமலை, கேரளத்தின் தட்டேக்காடு பக்கம் தேக்கும் மூங்கிலும் கலந்த காடுகள் இதற்கு ஏற்றவை. புலிகள் காப்பகத்தில் வனத்துறை அனுமதியில்லாமல் நடக்கக் கூடாது. மூங்கில் புதருக்குள் யானை நின்றாலும் தெரியாது, தனியாக நுழையாதீர்கள்.

பறவை சுமார் 25 செ.மீ., மைனாவைவிடச் சற்றே பெரிது. உடல் முழுக்கச் செம்பழுப்பு. இறக்கையிலும் வாலிலும் கருப்புக் குறுக்குக் கோடுகள். குட்டையான கருத்த அலகு. ஆணுக்குக் கண்ணுக்குக் கீழே சின்னச் சிவப்புத் தீற்றல் உண்டு, நிழலில் அது தெரியாது. அருகிலிருந்து பார்த்தால் தலை இறகுகள் பிசின் பட்டது போல ஒட்டிக் கிடக்கும். சில சமயம் வால் இறகைக் கவ்விய எறும்புத் தலைகள் அப்படியே தொங்கும்.

மரத்தைத் தட்டும் ஒலியை வைத்தே இனம் சொல்லிவிடலாம். மற்ற மரங்கொத்திகளின் தட்டல் சீராக ஓடி முடியும். இதனுடையது, தோட்டத்து ஆயில் எஞ்சினை நிறுத்தியதும் 'டடடட... டட்... டக்... டக்' என்று தளர்ந்து அடங்குமே, அது போல.

காலை 6.30 முதல் 9.30 வரை நல்ல நேரம். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் போதும். கூட்டிலிருந்து 25, 30 மீட்டர் தள்ளி, ஒரு மரத்தை ஒட்டி நில்லுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: பறவை தண்டின் மறுபக்கம் நழுவியதும் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். நீங்கள் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றும், பிறகு பறந்துவிடும். அசையாமல் பத்து நிமிடம் நின்றால் அதுவே மறுபடி தலைகாட்டும். கண்ணை உச்சியிலேயே வைக்காதீர்கள். விழுந்த மரங்களிலும் தாழ்ந்த கிளைகளிலும் அது இரை தேடும்.

பிப்ரவரி முதல் ஜூன் வரை கூடுதல் கவனம் வேண்டும். எறும்புகள் குடியிருக்கும் அதே உருண்டையைக் குடைந்துதான் இது முட்டையிடுகிறது. உருண்டையில் வட்டத் துளையும், கீழே தரையில் புதிதாக உதிர்ந்த பழுப்புத் தூளும் தெரிந்தால் அங்கே நிற்க வேண்டாம். பதிவு செய்த குரலைப் போடாதீர்கள், படத்துக்காகக் கிளையை விலக்காதீர்கள். பெற்றோர் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். நீங்கள் அங்கேயே நின்றால், இரையெடுக்கப் போனது உள்ளே வரத் துணியாமல் பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கும்.