அகிம்சை, முன்னேற்றம், கல்வி: பேச்சுப் போட்டிக்கு வேலூர்ப் பிள்ளையை எப்படித் தயார் செய்வது

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள் வந்தாலும் சரி, அக்டோபர் 2 வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் இந்தத் தலைப்பு எப்படியும் வந்துவிடும். உடனே நாமும் போனில் தேடிக் கிடைத்ததை எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிறோம், பக்கத்துப் பள்ளிப் பிள்ளையும் அதையேதான் ஒப்பிக்கப் போகிறது. மூன்றாவது பிள்ளை பேசும்போதே நடுவர் டீ வந்துவிட்டதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

வேலூர்ப் பிள்ளைக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். நேராகத் தொரப்பாடி மத்திய சிறையிலிருந்து பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒத்துழையாமை இயக்கத்தில் கைதான ராஜாஜி 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்கு வந்தார். உள்ளே டைரி எழுதினார். 1922 ஜனவரியில் எழுதிய ஒரு குறிப்பின் சாரம் இது: சுதந்திரம் வந்ததும் நல்லாட்சி வந்துவிடாது, தேர்தல் ஊழலும் பணக்காரர் ஆதிக்கமும் திறமையில்லாத நிர்வாகமும் வாழ்க்கையை நரகமாக்கும், நம்பிக்கை வைக்க வேண்டியது எல்லாருக்குமான கல்வியில்தான். சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போன மனிதர், சுதந்திரம் வருவதற்கு 25 வருஷம் முன்னாலேயே இதை எழுதியிருக்கிறார்! பிள்ளை இதைத் தன் சொந்த வார்த்தையில் சொன்னால் போதும், வாட்ஸ்அப்பில் சுற்றும் 'காந்தி சொன்னார்' எதுவும் வேண்டாம்.

ராஜாஜி உள்ளே இருக்கும்போதே, 1922 பிப்ரவரி 4 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் 22 போலீஸ்காரர்கள் செத்தார்கள். காந்தி இயக்கத்தையே நிறுத்திவிட்டார். சிறையில் இருந்த நேரு உட்படப் பலருக்கு அதில் கடும் வருத்தம். அகிம்சையை விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வெறும் சாந்த குணம் என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஜெயிக்கிற நேரத்திலும் கையை விலக்கிக்கொள்ளும் முடிவு என்று பிள்ளை சொல்லட்டும். அந்த முடிவு சரியா என்று கேட்டுவிட்டு நிறுத்தினாலும் தப்பில்லை.

கோட்டையையும் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியையும் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் இரண்டு வரி போதும். வீரம் என்று முழங்கிவிட்டு அடுத்த நிமிடமே அகிம்சை என்றால் பேச்சு இடிக்கும்.

அடுத்து காமராஜர், அவரும் இதே சிறையில் இருந்தவர்தான். 1941இல் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார். பேச்சில் சூடு பிடிக்கும் இடம் இனிமேல்தான். கல்விதான் நம்பிக்கை என்று எழுதிய அதே ராஜாஜி, முதலமைச்சராக 1953இல் கொண்டுவந்த திட்டத்தில் கிராமத் தொடக்கப் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைந்தது, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று மாநிலமே எதிர்த்தது. 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதை ரத்து செய்தார், 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். ராஜாஜியைத் திட்டவும் வேண்டாம், இதை மறைக்கவும் வேண்டாம், இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சபை தானே புரிந்துகொள்ளும்.

நாட்டு முன்னேற்றம் என்றதும் எல்லாப் பிள்ளையும் சந்திரயானுக்குப் போய்விடும். அதற்குப் பதில் அரசியலமைப்புச் சட்டத்தில் முதலில் இருந்த 45ஆவது பிரிவை எடுங்கள். 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தே வருஷத்தில் தர முயல வேண்டும் என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. இந்த இரண்டு தேதியையும் மெதுவாக, நிறுத்திச் சொல்ல வேண்டும்.

தேதிகளைக் கையில் ஒரு சின்ன அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பேச்சை வரிக்கு வரி எழுதிக் கொடுக்காதீர்கள், ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும். சபை வணக்கம் ஒரே வரி. வீட்டில் கடிகாரத்தை வைத்து, கொடுத்த நேரத்துக்கு அரை நிமிடம் முன்னால் முடியும்படி பேசவிட்டுப் பாருங்கள். அப்புறம், மைக் இரைந்தால் கத்த வேண்டாம், ஒரு அடி பின்னால் நின்றால் போதும்.