ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சொம்பில் கரைக்காதீர்கள்

குறுவை நடவு நேரம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வயிற்றுப்போக்கு வந்தால் சிலர் 1 லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் கொட்டிக் குடிக்கிறார்கள். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் தெம்பு வரும் என்று நினைப்பு. நடப்பது தலைகீழ்.

சவ்வூடு அழுத்தத்தை, அதாவது சவ்வு வழியே தண்ணீரை இழுக்கும் விசையை, தீர்மானிப்பது கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கை, எடை அல்ல. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் லிட்டருக்குச் சுமார் 40 கிராம், சோடியம் 3 கிராம் சொச்சம்தான். ஆனாலும் சோடியமும் கூடவே வரும் குளோரைடும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன, அவை குட்டித் துகள்கள், எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால்.  

ரத்தத்தில் இந்தத் துகள்களின் அளவு ஒரு கிலோ தண்ணீருக்கு 275 முதல் 295 மில்லிஆஸ்மோல் (துகள் எண்ணிக்கையின் அலகு). உலக சுகாதார நிறுவனம் 2002இல் மாற்றிய ஓ.ஆர்.எஸ். லிட்டருக்கு 245. ரத்தத்தைவிடக் குறைவு, அதனால் குடலிலிருந்து நீர் ரத்தத்துக்குள் போகும். அதையே அரை லிட்டரில் கரைத்தால் 490! உப்பில் போட்ட மாவடு நீர் விடுவதுபோல, உடம்பின் நீர் குடலுக்குள் இறங்கும், போக்கு கூடும்.

200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு, உறையைப் பாருங்கள். மேலே சர்க்கரை சேர்க்க வேண்டாம். அப்புறம், கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். குழந்தை சோர்ந்து மயங்கினால் நேரே ஆஸ்பத்திரிதான்.