மறைவாக வைக்கும் ஜிபிஎஸ்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நாமே கட்டும் விமானத்தில் ஜிபிஎஸ் ரிசீவரை டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைக்கலாம். மேலே ஃபைபர்கிளாஸ் இருந்தால் சிக்னல் தாராளமாக வரும். கார்பன் ஃபைபரோ அலுமினியமோ என்றால் அந்த இடம் வேண்டாம்.

வாங்கும்போது, ரிசீவரின் தரவைக் காட்டும் டிஸ்ப்ளே கேட்பது ஆர்எஸ்-232 மின்னழுத்தமா, 3.3 வோல்ட் டிடிஎல்லா (இரண்டும் கம்பி வழியே தரவு அனுப்பும் மின்னழுத்த முறைகள்) என்று அதன் கையேட்டில் பாருங்கள். ரிசீவர் தருவது இதற்கு மாறாக இருந்தால் திரையில் ஒன்றுமே வராது, போர்ட்டும் பழுதாகலாம். பாட் வேகம், அதாவது தரவு போகும் வேகம், இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ரிசீவரின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), டிஸ்ப்ளேயின் ஆர்எக்ஸுக்கு (பெறும் முனை) போகணும், கிரவுண்டையும் மறக்காதீர்கள்.

பொருத்தியதும் ரேடியோவில் 121.150, 131.250 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும், யாரும் பேசாத நேரத்தில், சில விநாடி டிரான்ஸ்மிட் செய்யுங்கள். இவற்றின் 13-வது, 12-வது ஹார்மோனிக் (அதாவது 13 மடங்கு, 12 மடங்கு அலைவரிசை) ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே விழும். சாட்டிலைட் எண்ணிக்கை சரிந்தால், ரிசீவரை ரேடியோ ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள்.