ஐந்து தந்திக்குள் ஒரு பீத்தோவன் மெட்டு: கந்தெலே குழுவுக்கு அரேஞ்ச் செய்வது எப்படி

கந்தெலே, மடியிலோ மேசையிலோ வைத்து மீட்டும் பின்லாந்து வாத்தியம். சிறியதில் ஐந்து தந்திகள். கச்சேரி கந்தெலேயில் 36 முதல் 39 வரை. மீட்டிய தந்தி தானாக அடங்காது, நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால் எந்தத் தந்தியை ஒலிக்க விடக்கூடாது என்று முடிவு செய்வதிலேயே பாதி வேலை இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் குழு: ஐந்து தந்திக் கந்தெலே நான்கு, கச்சேரி கந்தெலே ஒன்று.

1. மெட்டைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து தந்திக்கு வழக்கமான சுருதி டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ. டி-யை ஷட்ஜமமாகக் கொண்டால் ச, சதுஸ்ருதி ரி, அந்தர க, சுத்த ம, ப. நீளமான தந்தி 1, குட்டையானது 5. மெட்டு இந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். ஒரே ஒரு சுரம் வெளியே போனால் சமாளிக்கலாம். மூன்று போனால் வேறு மெட்டு பாருங்கள்.

பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் (1824) கடைசிப் பகுதியில் வரும் மகிழ்ச்சிப் பாடலின் மெட்டு டி மேஜரிலேயே இருக்கிறது, சுருதி மாற்ற வேண்டியதில்லை.

2. எண்களில் எழுதுங்கள்

பாருக்கு, அதாவது இரண்டு | கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு, நான்கு எண்ணிக்கை. புள்ளி வைத்தது ஒன்றரை எண்ணிக்கை, அதற்கு அடுத்தது அரை, கடைசி எண் இரண்டு. ஒட்டி எழுதிய 34 என்பது ஒரே எண்ணிக்கையில் இரண்டு சுரம்.

வரி 1: 3 3 4 5 | 5 4 3 2 | 1 1 2 3 | 3. 2 2
வரி 2: 3 3 4 5 | 5 4 3 2 | 1 1 2 3 | 2. 1 1
வரி 3: 2 2 3 1 | 2 34 3 1 | 2 34 3 2 | 1 2 5
வரி 4: வரி 2 போலவே

மூன்றாம் வரியின் கடைசி 5 மூலத்தில் கீழ் ஸ்தாயி பஞ்சமம். ஐந்து தந்தியில் அது கிடையாது. மேல் 5-ஐ மீட்டினால் போதும். இந்தச் சுரம் இரண்டு எண்ணிக்கை நீளம். மூலத்தில் நான்காம் வரி ஓர் எண்ணிக்கை முந்தியே தொடங்கும். புதியவர்கள் அதை விட்டுவிட்டு நேராக வாசிக்கலாம்.

மெட்டுக்கு இரண்டு பேர் இருக்கட்டும். ஒரு தந்திக்கு ஒரு விரல், இரு கை விரல்களும் இடைகலந்து நிற்க வேண்டும். ஒலிக்கும் தந்தியை விரல் மெதுவாகத் தொட்டால் கரகரக்கும். '3 3' போன்ற இடங்களில் தொட்ட கணமே மீட்டிவிடுங்கள்.

3. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்): இடது கை அடக்கும், வலது கை வருடும்

இதற்கு ஒருவர் போதும். இரண்டு பேர் வருடினால் மெட்டு அமுங்கிவிடும்.

டி: 2, 4 மேல் விரல். ஒலிப்பவை 1, 3, 5.
ஏ7: 1, 3 மேல் விரல். ஒலிப்பவை 2, 4, 5.
ஜி: 2, 3, 5 மேல் விரல். ஒலிப்பவை 1, 4.

ஏ7-இல் சி ஷார்ப்பும் ஜி-யில் பி-யும் விட்டுப்போகின்றன, தந்தி இல்லாததால். காதுக்கு அது குறையாகத் தெரியாது.

முதல் வரியின் பார்களுக்கு டி, ஏ7, டி, கடைசியில் பாதி டி பாதி ஏ7. இரண்டாம் வரியின் கடைசி பார் மட்டும் தலைகீழ்: பாதி ஏ7, பாதி டி. மூன்றாம் வரியில் முதல் மூன்று பார்களும் பாதி ஏ7, பாதி டி. நான்காவது பாரில் முதல் எண்ணிக்கைக்கு ஜி, மீதி மூன்றுக்கு ஏ7. மூலத்தில் இந்த இடத்தில் ஜி ஷார்ப் வரும். நம்மிடம் அது இல்லை, ஜி கார்டு அந்த இடத்தைக் கௌரவமாக நிரப்பிவிடும்.

டி-யிலிருந்து ஏ7-க்கு இரு விரலும் ஒரு தந்தி நகர்ந்தால் போதும். வருடுவதற்கு ஒரு கணம் முன்பே விரல் இறங்க வேண்டும்; பழைய கார்டை நிறுத்துவதே அந்த இறக்கம்தான். பெரும்பாலும் குழப்பம் வருவது இங்கேதான்: விரல் தாமதித்தால் இரண்டு கார்டுகளும் சேர்ந்து ஒலிக்கும். தந்தியின் சரிநடுவில் விரல் வைத்தால் மெல்லிய மேல்சுரம் ஒன்று கேட்கும், சற்றுத் தள்ளி வையுங்கள். அழுத்தவே வேண்டாம்.

கார்டு மாறும்போது மட்டும் ஒரு வருடல். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் வருடினால் இரைச்சல்.

4. இரண்டாம் குரல்

வரி 1: 1 1 2 3 | 3 2 1 2 | 3 3 4 5 | 5. 4 4
வரி 2, 4: வரி 1 போலவே, கடைசி பார் மட்டும் 4. 3 3

மூன்றாம் பாரிலிருந்து இந்தக் குரல் மெட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. காது மேல் சுரத்தையே மெட்டாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் இந்தக் குரலுக்கு ஒருவர்தான், அதுவும் தணிந்து வாசிக்க வேண்டும்.

மூன்றாம் வரியில் இவர் பாருக்கு ஒரு முறை 5-ஐ மட்டும் மீட்டலாம். டி, ஏ7 இரண்டுக்கும் அது பொருந்தும். ஜி-யோடு உரசும். எனவே மூன்றாவது பார் முடியும்போது 5-ஐ விரலால் அடக்கிவிட்டு, கடைசி பாரில் ஓய்வு.

5. அடித்தளம்

கச்சேரி கந்தெலேக்கு ஒவ்வொரு கார்டின் பெயர்ச்சுரம் மட்டும் கீழ் ஸ்தாயியில்: டி, ஏ, ஜி. தாழ்ந்த தந்திகள்தான் அதிக நேரம் ஒலிப்பவை, புதியதை மீட்டியதும் முந்தையதைக் கையால் அடக்குங்கள். நடுப் பகுதிச் சுரங்களைச் சேர்க்கும் ஆசை வரும். வேண்டாம், அந்த இடத்தில்தான் மற்ற நான்கு பேரும் இருக்கிறார்கள்.

6. அடுக்கும் முறை

முதல் சுற்றில் மெட்டு மட்டும். இரண்டாவதில் கார்டும் அடித்தளமும். மூன்றாவதில் இரண்டாம் குரலும். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கைக்கு மேல் தொடக்கத்தில் போகாதீர்கள்.

சுருதி சேர்க்க ஒரே ட்யூனரை வரிசையாகக் கைமாற்றுங்கள். பிறகு எல்லாரும் 1-ஐயும் 5-ஐயும் சேர்ந்து மீட்டிப் பாருங்கள். மைனர் மெட்டுக்கு 3-ஐ எஃப்-க்கு, அதாவது சாதாரண காந்தாரத்துக்கு இறக்க வேண்டும். இறக்கிய தந்தி சில நிமிடம் நிலையாக நிற்காது. ஆகவே நிகழ்ச்சியில் மேஜர் மெட்டுகளை முதலில் முடித்து, இடைவேளையில் 3-ஐ இறக்கி, மைனர் மெட்டுகளைப் பின்னால் வையுங்கள்.