பறக்கும் செம்பருந்தைப் படம் பிடிக்க: கேமராவை எடுக்கும் முன் காற்றைப் பாருங்கள்

நம் கடற்கரையில் செம்பருந்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. மீன் இறக்கும் இடத்துக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். வேட்டைப் பறவைகளைப் பறக்கும்போது எடுத்துப் பழக அதைவிட நல்ல பறவை கிடையாது. ஆனாலும் பலரது படங்களில் வால்தான் தெரிகிறது, இல்லையென்றால் வெளுத்த வானத்தில் ஒரு கறுப்பு உருவம். பெரும்பாலும் குற்றம் லென்ஸில் இல்லை, நின்ற இடத்தில்.

பருந்து தாழ இறங்குவதும் அந்தரத்தில் நிற்பதும் காற்றை எதிர்த்துத்தான். ஆகவே காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். கிழக்குக் கடற்கரையில் இது லேசில் அமையாது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் எதிர்வெயில். மாலையில் வெயில் முதுகுக்குப் போய்விடும், ஆனால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். பறவை உங்களுக்கு வாலைக் காட்டும். மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று வீசும், சூரியன் தென்கிழக்கில் எழும். அப்போது நீர்ப்பரப்பின் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி நின்றால் இரண்டும் ஒத்துவரும். பழவேற்காட்டில் அந்த மாதக் காலைகளில் கடலோரக் குப்பங்களின் பக்கமிருந்து ஏரியைப் பார்ப்பது நல்லது. செயலியில் பார்த்த காற்றின் திசையை மட்டும் நம்பாதீர்கள். படகுகளில் கட்டிய கொடியைப் பாருங்கள்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் போட்டால் 30 மீட்டர் தூரத்தில் சட்டத்தின் அகலம் 1.8 மீட்டர். செம்பருந்தின் இறக்கை விரிப்பு ஏறத்தாழ 1.2 மீட்டர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அதைவிட மிகவும் நெருங்கினால் இறக்கை நுனி வெட்டுப்படும். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸே இதே அளவைத் தரும். கடனை வாங்கிப் பெரிய லென்ஸ் வாங்க வேண்டாம்.

எக்ஸ்போஷரில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்றது பெரும்பாலும் செங்காவி. ஒரே சுற்றில் அதன் பின்னணி வானம், சவுக்குத் தோப்பு, கறுத்த நீர் என்று மாறும். அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும் முறை) வைத்தால் வானத்துக்கு முன்னால் பறவை இருண்டுபோகும், நீருக்கு முன்னால் தலை வெளுத்துப்போகும். பறவை மீது விழும் வெயில் என்னவோ மாறவே இல்லை. அதனால் முழு மேனுவலில் வையுங்கள், ஐஎஸ்ஓவும் ஆட்டோவில் வேண்டாம். மேகமில்லாத வெயிலில் எஃப் 6.3, 1/3200, ஐஎஸ்ஓ 500 என்று தொடங்கலாம். ஒரு படம் எடுத்து, தலைப் பகுதி மட்டும் திரையில் மின்னுகிறதா (வெளுத்துப்போன இடத்துக்கான எச்சரிக்கை) என்று பாருங்கள், மின்னினால் 1/4000. விடிந்த முதல் அரைமணியில் 1/2000க்கு இறங்கி, ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்ற வேண்டியிருக்கும். மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓ, கூடவே எக்ஸ்போஷர் திருத்தம்: கரும்பருந்து வானத்தில் இருந்தால் +1 முதல் +1.7, செம்பருந்து இருண்ட நீருக்கு மேல் இருந்தால் −0.7.

ஃபோகஸைத் தொடர்முறையில் (ஏஎஃப்-சி, கேனனில் சர்வோ) வையுங்கள். பறவையின் கண்ணை அறியும் வசதி இருந்தால் போதும். இல்லையென்றால் நடுவில் சிறு மண்டலம். பரப்பு முழுவதையும் திறந்துவிட்டால் அலையின் பளபளப்பு ஃபோகஸைப் பிடுங்கிக்கொள்ளும். லென்ஸில் தூர எல்லை சுவிட்ச் இருந்தால் '10 மீட்டருக்கு மேல்' என்று தள்ளுங்கள். பறவை வரப்போகும் தூரத்தில் ஏதாவது ஒரு கம்பத்தில் முன்பே ஃபோகஸ் செய்துவைத்தால், வியூஃபைண்டரில் பறவை மங்கலாகக் கரைந்துபோகாது. ஜூம் லென்ஸானால் 250இல் பறவையைக் கண்டுபிடித்து, பிறகு இழுங்கள். பாதங்கள், படம் எடுக்கப்போகும் திசையைப் பார்க்கட்டும். இடுப்பை மட்டும் பறவை வரும் பக்கம் திருப்பி, அதோடு கூடவே சுழன்று வாருங்கள். எதிர்ப்பக்கமாக நின்றால் முக்கியமான நொடியில் உடம்பு முறுக்கிக்கொள்ளும்.

எப்போது அழுத்துவது என்பதைப் பறவையே காட்டும். பாய்வதற்கு முன் தலை நேர் கீழே குனியும், வால் விசிறியாக விரியும், கால்கள் தொங்கத் தொடங்கும். அங்கே மூன்று நான்கு படங்கள், பாய்ச்சலில் இன்னொரு தொடர். முன்பே அழுத்திக்கொண்டிருந்தால் மீனைத் தூக்கும்போது பஃபர் (எடுத்த படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிறைந்து கேமரா திணறும். தூக்கியதும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். செம்பருந்து பறந்துகொண்டே தின்னும்: காலை முன்னுக்கு நீட்டி, கழுத்தை மார்பை நோக்கி வளைத்து, மீனைக் கிழிக்கும். பாய்ச்சலைவிட இது மெதுவானது, 1/1600 போதும். பலரும் தவறவிடுவதும் இதைத்தான். கோழிக் குடலை வீசி வரவழைப்பதில் இந்த அசைவுகள் எதுவும் இயல்பாக இருக்காது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடு கட்டும் காலம். கூட்டு மரத்தடியில் நிற்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் படங்கள் ஒட்டுமொத்தமாகக் குழைந்திருந்தால், கானல். காலை ஒன்பதரை, பத்துக்குப் பிறகு மணல் மீதும் உப்பளம் மீதும் காற்று நெளியும். ஷட்டரை எவ்வளவு கூட்டினாலும் தீராது. ஏசி காரிலிருந்து லென்ஸைச் சட்டென வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். பையை மூடியபடி அரைமணி வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வீடு திரும்பியதும் லென்ஸ் உடலை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகே உலர் துணியை எடுங்கள். முதலிலேயே உலர் துணி பட்டால் உப்புத் துகள் உரசிக் கீறிவிடும்.