ஓசிஆர் உரையில் ஒரே சொல் இரண்டாக எண்ணப்பட்ட சிக்கல்

மூன்று நாளைத் தின்ற சிக்கல் இன்று தீர்ந்தது, நிம்மதி. ஸ்கேன் படங்களிலிருந்து டெசராக்ட் என்ற ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்றும்) மென்பொருள் எடுத்த உரையையும் பழைய தட்டச்சுக் கோப்புகளையும் சேர்த்துப் பைத்தானில் சொற்களை எண்ணினேன். 'கொள்கை' இரண்டு தனி வரிகளாக வந்தது. திரையில் இரண்டுக்கும் துளி வேறுபாடில்லை.

படம்தான் காரணம் என்று 300 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்தேன். டெசராக்டின் பக்கப் பிரிப்பு முறையை 3இலிருந்து (தானாகப் பிரிப்பது) 6க்கு (ஒரே உரைத் தொகுதியாகக் கொள்வது) மாற்றினேன். எழுத்துப் பிழைகள் குறைந்தன, இரட்டை வரி அப்படியே நின்றது.

சொல்லை யூனிகோடு குறிகளாக (கணினி எழுத்தைச் சேமிக்கும் எண்களாக) ஒவ்வொன்றாகப் பிரித்தபோது பிடிபட்டது. ஒன்றில் 'கொ' என்பது ககரம், ஒகரக் குறி என 2 குறிகள்; மற்றதில் ககரம், கொம்பு, கால் என 3. எண்ணும் முன் பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியின் நார்மலைஸ் மூலம் எல்லாவற்றையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும்) வடிவுக்கு மாற்றினேன், ஒன்றாகிவிட்டன.

'கௌரவம்' மட்டும் அடம்பிடித்தது. ஔகாரக் குறியின் வலப்பாதிக்குப் பதில் 'ள' என்ற எழுத்தே உட்கார்ந்திருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது. கொம்பை அடுத்து 'ள' வரும் இடங்களையெல்லாம் மொத்தமாக மாற்றவும் கூடாது, 'வெள்ளம்' கெட்டுவிடும். 'கெளரவம்', 'மெளனம்' போன்ற தவறான வடிவங்களைச் சொல்வாரியாகத்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று: சொல் பிரிக்கப் பைத்தானின் ரீ தொகுதியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்வு டபிள்யூவை (\w) நம்பாதீர்கள். அது உயிர்க்குறியிலும் புள்ளியிலும் சொல்லை உடைக்கும். இடைவெளியில் பிரித்து, நிறுத்தக்குறிகளைத் தனியே நீக்குங்கள்.